பல்லாவரத்துக் கல், டான்சிக் கப்பல்

கேள்வி: மகன் போலந்தில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போகிறோம். கதான்ஸ்க் என்ற பழைய துறைமுக ஊரில் மியூசியங்கள் நிறையவாம். எதிலிருந்து ஆரம்பிப்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பீர்க்கன்கரணை

பதில்: பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் இறங்குவதிலிருந்து! 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தைக் குண்டுகளால் தாக்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பற்ற வைத்ததே எம்டன் கப்பல், அது கட்டப்பட்டது கதான்ஸ்க்கில்தான். அப்போது அந்த ஊர் ஜெர்மனியின் டான்சிக். கப்பல் தண்ணீரில் இறங்கியது 1908-இல். அந்தக் குண்டின் சிதறலைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

அங்கே போனதும் முதல் வேலை, ஐரோப்பிய சாலிடாரிட்டி மையம். எம்டனைக் கட்டிய தளமும் பக்கத்துத் தளமும் சேர்ந்துதான் பிற்பாடு லெனின் கப்பல் தளமாயின. 1980 ஆகஸ்டில் அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் லேக் வலேசா தலைமையில் சாலிடாரிட்டி சங்கத்தை உருவாக்கினார்கள். அந்தக் கதையைச் சொல்லும் மையம் 2014-இல் தளத்து வாசலருகே திறந்தது. துருவேறிய இரும்புத் தகடுகளால் ஆன அதன் சுவர்களே கப்பலை நினைவூட்டும். மறுநாள், 2017-இல் திறந்த இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம். 1939 செப்டம்பர் 1 அன்று அந்தப் போர் தொடங்கிய ஊர் அது. ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைக்காதீர்கள், சார். காலும் தாங்காது, மனசும் தாங்காது.

கேள்வி: எழும்பூர் மியூசியத்தைச் சின்ன வயதிலேயே பார்த்தாயிற்று. மறுபடி போக என்ன இருக்கிறது?
– இல்லத்தரசி, பெருங்களத்தூர்

பதில்: நீங்கள் வளர்ந்திருக்கிறீர்களே அம்மா, அது போதாதா? அன்று திமிங்கல எலும்புக்கூட்டை வாய் பிளந்து பார்த்திருப்பீர்கள். இந்த முறை நேராக வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். திருவாலங்காட்டு நடராசர் அங்கே இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோடின், சென்னை அருங்காட்சியக நடராசரைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்து உருகி எழுதினார். அந்தக் கட்டுரை 1921-இல் அச்சானது. அவருக்குக் கிடைக்காத தரிசனம் உங்களுக்கு மின்சார ரயில் தூரத்தில்! பிறகு திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரிடம் வந்து கைகளை எண்ணிப் பாருங்கள். சிவன் பாதியில் இரண்டு, உமை பாதியில் ஒன்று. ஒற்றைப்படைக் கைகளோடும் அந்த உடல் சற்றும் சமநிலை தவறவில்லை. சோழர் காலத்துக் கலைஞனின் கணக்கு அது.

கேள்வி: எங்கள் பக்கத்துப் பொருள் ஏதாவது மியூசியத்துக்குப் போயிருக்கிறதா?
– பள்ளி மாணவி, முடிச்சூர்

பதில்: போயிருக்கிறது கண்ணு, இந்திய வரலாற்றையே பின்னோக்கி நீட்டிய பொருள்! 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் சரளை மண்ணுக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கருவி அது என்று அவருக்குப் புரிந்தது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதல் சான்றாக அது அமைந்தது. சில மாதங்களில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்தின் பழமை சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஃபூட் சேர்த்த கற்கருவித் தொகுப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அடுத்த முறை ரயில் பல்லாவரத்தில் நிற்கும்போது, பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு இதைச் சொல்.

கேள்வி: என் பையன் எந்த மியூசியத்துக்குப் போனாலும் பத்தாவது நிமிடம் வெளியே இழுக்கிறான். என்ன செய்வது?
– ஒரு அப்பா, இரும்புலியூர்

பதில்: பத்து நிமிடம் நல்ல நேரம்தான். அதற்குள் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து நோட்டில் வரையச் சொல்லுங்கள். எல்லாக் கூடத்தையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டினால் அவனுக்கு எதுவும் தங்காது. ஓடியாடும் பிள்ளை என்றால் ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகம் சரியான இடம். பழைய நீராவி எஞ்சின்கள் திறந்தவெளியில் நிற்கின்றன. அங்கே வெளியே இழுக்கப்போவது நீங்கள்!

கேள்வி: ஓவியம் எனக்குப் புரியாது. கேலரிக்குள் நுழையவே கூச்சம்.
– தனியார் ஊழியர், சேலையூர்

பதில்: ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்குப் போங்கள். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து மனை வாங்கிக் கட்டிய ஊர் அது. ஓவியம் சோறு போடாத நாட்களில் பாட்டிக் துணி செய்து விற்று அந்தக் கனவைக் காப்பாற்றினார்கள். இது தெரிந்தபின் படத்தின் முன் நின்றால் கூச்சம் போய்விடும். புரிய வேண்டிய அவசியம் இல்லை. பிடித்த ஒன்றின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள், கண் தானே பழகும்.

கேள்வி: எந்தக் கிழமை போகலாம்?
– வாசகர், தாம்பரம்

பதில்: எழும்பூருக்கும் கோட்டைக்கும் வெள்ளி விடுமுறை. ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள். முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். ஞாயிறு உங்களுக்கும் விடுமுறை, நாலும் திறந்திருக்கும்!

கேள்வி: பீர்க்கன்கரணைக்கு ஒரு மியூசியம் எப்போது வரும்?
– கல்லூரி மாணவர், பீர்க்கன்கரணை

பதில்: நீங்கள் தொடங்கும் நாளில். இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மறுபடி நிறுத்தியதில் உருவானது தட்சிணசித்ரா, 1996-இல் திறந்தது. பீர்க்கன்கரணையோ ஏரியும் வயலுமாக இருந்து, பேரூராட்சியாகி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்த ஊர். இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இன்றும் திண்ணையில் இருக்கிறார்கள். பரணில் கிடக்கும் மரக்கால், கலப்பை, ஏரி நிரம்பிய நாளில் எடுத்த புகைப்படம் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். பள்ளியிலோ நூலகத்திலோ ஓர் அலமாரி போதும். ஒவ்வொன்றின் அருகிலும் யாருடையது, எங்கே கிடைத்தது, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். ஃபூட் தன் கருவிகளை எங்கே கண்டெடுத்தார் என்று குறித்து வைத்ததால்தான் பல்லாவரத்தின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. குறிக்காமல் விட்டிருந்தால் அது வெறும் கல்.