வரிசையில் வா!

அமெரிக்க அரசியலில் எல்லாக் கட்சிக்கும் பொதுவான பொன்மொழி ஒன்று உண்டு: "வரிசையில் வா." குடியரசுக் கட்சிக்காரர் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். ஜனநாயகக் கட்சிக்காரர் கண் கலங்கச் சொல்வார். ஆவணமில்லாதவர்களுக்குச் சட்ட அந்தஸ்து தர வேண்டும் என்று மேடைதோறும் பேசிய ஒபாமாவும், அவர்கள் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும் என்றுதான் முடித்தார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ரேஷன் கடையில் விடியற்காலையே பையைப் போட்டு இடம் பிடித்தவர்கள் நிற்க, எட்டு மணிக்கு வந்தவர் நேரே முன்னால் போனால் நமக்கே ரத்தம் கொதிக்கும். ஆனால் ரேஷன் கடைக்கு ஒரு கதவு இருக்கும். "சர்க்கரை இருப்பு இல்லை" என்று எழுதித் தொங்கவிட ஒரு பலகையாவது இருக்கும்.

மெக்சிகோவின் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு கூலியாள் இருக்கிறார் என்று வையுங்கள். அமெரிக்காவில் சொந்தபந்தம் கிடையாது. பட்டம் கிடையாது. தக்காளி பறிக்கத் தெரியும், கூரை போடத் தெரியும், கோழி வெட்டத் தெரியும். இவர் எந்த வரிசையில் நிற்பது? சட்டத்தில் இவரைப் போன்றவர்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. பெயரே "இதர தொழிலாளர்கள்". உலகம் முழுமைக்கும் சேர்த்து ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 கிரீன் கார்டு. மனைவி மக்களும் அந்தக் கணக்கிலேயே அடக்கம். ஒரு முதலாளி முன்வந்து, இந்த வேலைக்கு அமெரிக்கர் எவரும் கிடைக்கவில்லை என்று அரசிடம் நிரூபிக்க வேண்டும். அதோடு, வேலை பருவகால வேலையாக இருக்கக் கூடாது. தக்காளி எந்த ஊரில் பன்னிரண்டு மாதமும் ஒரே தோட்டத்தில் காய்க்கிறது என்பதைச் சட்டம் இயற்றிய பெருமக்கள்தான் சொல்ல வேண்டும். பருவ வேலைக்குத் தனி விசா உண்டு. அதில் வந்தவர் அறுவடை முடிந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டும், அடுத்த ஆண்டு மறுபடி கூப்பிட்டால் வரலாம். இருபது ஆண்டு அப்படி வந்துபோனாலும் அந்த விசா அவரைக் கிரீன் கார்டு பக்கம் ஓர் அடிகூட நகர்த்தாது.

சரி, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்? "வெளியே போ, முறையாக விண்ணப்பி, பிறகு வா" என்கிறார்கள். போனால் என்ன ஆகும் என்பதை 1996இல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் சொல்கிறது. ஓராண்டோ அதற்கு மேலோ ஆவணமில்லாமல் இருந்துவிட்டு வெளியே காலடி வைத்தால், பத்து ஆண்டு திரும்பி வரக் கூடாது. உள்ளே இருந்தால் வரிசையில் சேர முடியாது, சேர்வதற்காக வெளியே போனால் சேரவே முடியாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டியோடு வாழ்ந்தாலும், எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டி வந்தவர் என்றால் இதே கதிதான். விலக்கு கேட்கலாம். அதற்கு, தான் போய்விட்டால் மனைவி "கடுந்துன்பம்" அடைவாள் என்று நிரூபிக்க வேண்டும். புருஷனைப் பிரிந்து அழுவதெல்லாம் சாதாரணத் துன்பம், அது கணக்கில் சேராது.

"எங்கள் முன்னோர் சட்டப்படி வந்தார்கள்" என்று மார்தட்டுவது அடுத்த பாட்டு. வந்தார்கள்தான். 1882இல் சீனர்களுக்குக் கதவைச் சாத்திய அந்த நாடு, ஐரோப்பியரிடம் 1920கள்வரை குடியேற்ற விசா என்று ஒன்றைக் கேட்டதே இல்லை. இல்லாத சட்டத்தை யாரால் மீற முடியும்? 1885இல் பவேரியாவிலிருந்து பதினாறு வயதில் நியூயார்க்கில் வந்து இறங்கினான் ஒரு பையன். பணம் சேர்த்த பிறகு சொந்த ஊரில் குடியேறத் திரும்பிப் போனார். ராணுவச் சேவையைத் தட்டிக் கழித்தவர் என்று சொல்லி 1905இல் பவேரிய அரசு அவரை வெளியேறச் சொன்னது. இளவரசருக்கு உருகி உருகி ஒரு மனு எழுதினார், தள்ளுபடி. அவர் பெயர் பிரீட்ரிக் டிரம்ப். பேரனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

முன்னோர்கள் எல்லாரும் ஒழுங்காக வந்தவர்களும் இல்லை. கட்டுப்பாடுகள் வந்த பிறகு பல ஐரோப்பியர்கள் கனடா வழியாகவும் கப்பலிலிருந்து நழுவியும் வந்தார்கள். அவர்களை என்ன செய்தார்கள்? விலங்கிட்டுத் திருப்பி அனுப்பினார்களா? 1929இல் ஒரு சட்டம் போட்டு, 1921 ஜூன் 3க்கு முன் வந்தவர்கள், நன்னடத்தை உள்ளவர்களாக இருந்தால், 20 டாலர் கட்டிப் பதிவுசெய்துகொள்ளலாம் என்றார்கள். பயனடைந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியரும் கனடாக்காரர்களும். அதற்குப் பொதுமன்னிப்பு என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தேதியை மட்டும் அவ்வப்போது நகர்த்துவார்கள். கடைசியாக நகர்த்தியது 1986இல், ரீகன் காலத்தில். இன்றைக்கும் அதே தேதிதான்: 1972 ஜனவரி 1. அதாவது நிக்சன் முதல்முறை ஆண்டபோதே எல்லையைத் தாண்டி, அரை நூற்றாண்டுக்கு மேல் பிடிபடாமல், செத்தும் போகாமல் இருக்கிற கிழவர் ஒருவர் கிடைத்தால், அவரை ஏற்றுக்கொள்ள அமெரிக்கா இரு கையும் விரித்து நிற்கிறது. அந்தத் தேதியை மாற்ற ஒரு வரித் திருத்தம் போதும். நாற்பது ஆண்டாக அந்த ஒரு வரியை எழுத ஒரு பேனா கிடைக்கவில்லை.

முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். இவ்வளவு கச்சிதமான முட்டாள்தனத்தைத் தற்செயலாக யாராலும் கட்டிவிட முடியாது. அந்தத் தேதியை நகர்த்திய அதே 1986 சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்கு அந்தஸ்து கொடுத்தது, இனிமேல் ஆவணமில்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனை என்றும் சொன்னது. ஆனால் "தெரிந்தே" வைத்தால்தான் குற்றம். தொழிலாளி நீட்டும் அட்டை பார்வைக்கு அசல்போல இருந்தால் முதலாளி கடமை தீர்ந்தது. அன்றிலிருந்து அமெரிக்க முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. தோட்ட வேலையாட்களில் பத்துக்கு நான்கு பேரிடம் காகிதம் இல்லை என்று அரசாங்கமே கணக்கெடுத்து வெளியிடுகிறது, தோட்டக்காரருக்கு மட்டும் தெரியாது. காகிதம் இல்லாதவன் கூலி குறைந்தால் கேட்க மாட்டான், கை அறுந்தால் வழக்குப் போட மாட்டான், சங்கம் என்ற பேச்சை எடுத்தால் ஒரே ஒரு போன் போதும். அவனுக்குக் காகிதம் கொடுத்துவிட்டால் இத்தனை குணநலமும் போய்விடுமே!

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. வயலில் நின்ற இதே ஆட்கள் "அத்தியாவசியத் தொழிலாளர்" ஆனார்கள். முதலாளிகள் அப்படியே கடிதம் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு பையில் அந்தக் கடிதம், இன்னொரு பையில் பிடிபட்டால் நாடுகடத்தல் என்ற பயம். அதே மாதம் அரசு தலைக்கு 1,200 டாலர் நிவாரணம் அறிவித்தது. இவர்களுக்குக் கிடையாது. வரிக் கணக்கை இவர்களோடு சேர்ந்து தாக்கல் செய்த குற்றத்துக்காக, குடியுரிமை உள்ள மனைவிக்கும் அப்போது கிடையாது.

வரி கட்டுகிறார்களா என்று கேட்பவர்களுக்காக: 2022இல் மட்டும் ஆவணமில்லாதவர்கள் கட்டிய வரி 9,670 கோடி டாலர் என்று வாஷிங்டனின் வரிக்கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கிட்டது. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, அவர்கள் ஒருநாளும் வாங்கப்போகாத முதியோர் ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் போகிறது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்களுக்கென்று 1996 முதல் தனி வரி எண் கொடுத்து, "பயப்படாதே, கட்டு" என்றது வரித்துறை. 2025 ஏப்ரலில் அதே வரித்துறை, குடியேற்றக் காவல்துறைக்கு விவரங்கள் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. முகவரியை நேர்மையாக எழுதிக் கொடுத்தவனைத் தேடுவதுதான் எளிது. இரண்டே மாதத்தில் இன்னொரு கூத்து. நல்ல, நெடுநாள் வேலையாட்களை இழக்கிறோம் என்று தோட்டக்காரர்களும் ஓட்டல்காரர்களும் புலம்புவதாக டிரம்பே எழுதினார், அங்கெல்லாம் சோதனை நிறுத்தம் என்று உத்தரவு போனது. சில நாளில் அந்த உத்தரவும் போனது.

டிரம்பை மட்டும் திட்டிவிட்டுக் கை கழுவ எனக்கு மனமில்லை. முதலாண்டிலேயே குடியேற்றச் சீர்திருத்த மசோதா என்று வாக்குக் கொடுத்து வந்தவர் ஒபாமா. 2009இல் இரு சபையும் கையில், செனட்டில் சில மாதம் 60 இடமும் இருந்தது. மசோதா வரவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பேர் நாடுகடத்தப்பட்டார்கள். குழந்தையாக அழைத்து வரப்பட்டவர்களுக்கான கனவுச் சட்டம் 2010 டிசம்பரில் செனட்டில் 55க்கு 41 என்று "தோற்றது", தேவை 60. எதிர்த்த 41இல் ஐந்து பேர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். ஐந்தையும் 55ஐயும் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். 2013இல் செனட் 68க்கு 32 என்று ஒரு பெரிய மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. குடியரசுக் கட்சி கையில் இருந்த பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அந்தக் "குழந்தைகளில்" மூத்தவர்களுக்கு இப்போது நாற்பதைத் தாண்டித் தலை நரைத்துவிட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தற்காலிக வேலை அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு, இன்னும் மேடைகளில் குழந்தைகளாகவே இருக்கிறார்கள்.

இனி நம்மவர் கதை. நியூ ஜெர்சியிலும் டல்லாஸிலும் பொங்கல் விழா நடக்கும் அரங்கங்களில் ஒரு குரல் தவறாமல் கேட்கும்: "நாங்கள்லாம் முறையா வந்தவங்க சார். அவங்க திருட்டுத்தனமா வந்தவங்க." முறையாக வந்தவரின் நிலை என்ன? நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பில், புதிதாக விண்ணப்பிக்கும் இந்தியர் வேலைவழி கிரீன் கார்டுக்கு 134 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று 2023இல் கேட்டோ நிறுவனம் கணக்குச் சொன்னது. தக்காளி பறிப்பவரை இவருக்குப் பின்னால் நிற்கச் சொல்கிறார்கள். இவரோ தன் பேரனுக்குப் பேரன் வாங்கப்போகும் கார்டின் பெருமையில் அவரை முறைத்துப் பார்க்கிறார்.

2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்க ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறங்கியது. கையில் விலங்கு, காலில் சங்கிலி. அமெரிக்காவின் வழக்கமான நடைமுறைதான் என்று நம் வெளியுறவு அமைச்சர் மாநிலங்களவையில் விளக்கம் சொன்னார். அந்த விலங்கைப் பிரதமர் கையில் மாட்டி விகடன் ஒரு கேலிச்சித்திரம் போட்டது. விகடன் இணையதளத்தை முடக்கினார்கள். விலங்கு பூட்டியவன்மீது வராத ரோஷம், விலங்கை வரைந்தவன்மீது வந்தது.

முறையாக வந்தவர்களுக்கும் பரிசு கிடைக்காமல் இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று, வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்1பி ஆள் எடுத்தால் 1,00,000 டாலர் கட்டணம் என்று டிரம்ப் கையெழுத்திட்டார். அதே நாளில் இன்னொரு கையெழுத்தும் போட்டார். அதன் பெயர் தங்க அட்டை. 10 லட்சம் டாலர் கொடுப்பவருக்குத் துரித வழி. தோட்டத்தில் மணிக்கு 15 டாலர், வாரம் 60 மணி நேரம், சாப்பாடு வாடகை எதுவும் இல்லாமல் ஒருவர் சேர்த்தால் இருபத்தோரு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். நம் பொறியாளரின் 134 ஆண்டோடு பார்த்தால் இது லாபம்தான். விண்ணப்பக் கட்டணம் 15,000 டாலர் தனி. அது திருப்பித் தரப்பட மாட்டாது.