ஓசியில் கிடைத்த வாத்தியார்

சின்னக் கம்பெனிகளிடம் இப்போது ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. முழுநேரத் தொழில்நுட்பத் தலைவருக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் வாரத்தில் இரண்டு நாள் தலைகாட்டும் ஒரு பெரிய மூளையைப் பிடித்து, ‘ஃபிராக்‌ஷனல் சி.டி.ஓ.’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டால், போன வருஷம்தான் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள் என்பதுபோல் பேசுகிறார்கள். 1856-லேயே லண்டனில் ஒரு கம்பெனி இதைச் செய்து பார்த்து, மூன்றரை லட்சம் பவுண்டைக் கடலில் போட்டுவிட்டது. கடலில் என்றால் நிஜமாகவே கடலில்.

கம்பெனியின் பெயர் அட்லாண்டிக் டெலிகிராஃப். மூலகர்த்தா சைரஸ் ஃபீல்டு, நியூயார்க்கில் காகித வியாபாரம் செய்து சின்ன வயசிலேயே ஓய்வு பெறுமளவுக்குச் சம்பாதித்தவர். மின்சாரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, எனக்குக் குச்சிப்புடியைப் பற்றித் தெரிந்த அளவு. ஆனால் வீட்டிலிருந்த உலக உருண்டையைச் சுற்றிப் பார்த்தவருக்கு அயர்லாந்தும் நியூஃபவுண்ட்லாந்தும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. நடுவில் இருப்பது வெறும் தண்ணீர்தானே, ஒரு கம்பியைப் போட்டுவிட்டால் போச்சு. பங்கு ஒன்று 1,000 பவுண்டு, மொத்தம் 350 பங்கு. சில வாரங்களில் விற்றுத் தீர்ந்தன.

பணம் சேர்ந்த பிறகுதான் இதையெல்லாம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமே என்ற ஞாபகம் வந்தது. தலைமை எஞ்சினியராக சார்லஸ் பிரைட் இருந்தார், வயசு 24. மின்சார விவகாரம் முழுக்க வைல்ட்மேன் வைட்ஹவுஸ் கையில். அவர் தொழில்முறையில் பிரைட்டன் நகரத்து அறுவை சிகிச்சை டாக்டர். ஓய்வு நேரத்தில் கம்பிகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தவர், கத்தியை விட்டுவிட்டுத் தந்திக்கு வந்துவிட்டார். அந்தக் காலத்தில் யாரும் எதற்கும் படித்துவிட்டு வந்ததில்லை என்பதால் இதை நாம் பெரிதுபடுத்த வேண்டாம். பெரிதுபடுத்த வேண்டியது, தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவர் நினைத்ததை.

அதே 1856 டிசம்பரில் ஸ்காட்லாந்துப் பங்குதாரர்கள் தங்கள் பக்கத்து ஆளாக வில்லியம் தாம்சனை இயக்குநர் குழுவுக்குள் தள்ளிவிட்டார்கள். பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆகப்போகிறவர். 22 வயசிலேயே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பாடம் எடுத்தது போக மிச்ச நேரம்தான் கம்பெனிக்கு. சம்பளம் பூஜ்யம். அதிகாரம் அதைவிடக் கொஞ்சம் கம்மி.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு பேரும் ஏற்கெனவே பத்திரிகையில் சண்டை போட்டுக்கொண்டவர்கள். நீளமான கடலடிக் கம்பியில் சமிக்ஞை மழுங்கிக் குழம்பும் என்று தாம்சன் கணக்குப் போட்டிருந்தார். நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நாலு மடங்கு, பத்து மடங்கானால் நூறு மடங்கு. ஆகவே செம்பு தடிமனாக இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், அனுப்பும் மின்சாரம் மெல்லியதாகவும் வாங்கும் கருவி கூர்மையாகவும் இருக்க வேண்டும். வைட்ஹவுஸ் நான் சோதித்துப் பார்த்துவிட்டேன், இந்தச் சூத்திரமெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று அறிஞர் சபையிலேயே அறிவித்தார். மெல்லிய கம்பியே போதும், பலமாக ஒரு அடி கொடுத்தால் மின்சாரம் தானாக ஓடும் என்பது அவர் கட்சி. கம்பெனி எந்தக் கட்சியில் சேர்ந்தது என்று கேட்கவே வேண்டாம். மெல்லிய கம்பி மலிவு.

தாம்சன் உள்ளே வருவதற்கு முன்பே கம்பிக்கு ஆர்டர் போயாகிவிட்டது. கடல் மைலுக்கு 107 பவுண்டு எடை செம்பு, அவ்வளவுதான். அதையும் அவசரத்துக்காகப் பாதிப் பாதியாகப் பிரித்து, கிரீனிச்சில் ஒரு கம்பெனிக்கும் பெர்க்கன்ஹெட்டில் இன்னொரு கம்பெனிக்கும் கொடுத்தார்கள். இரண்டும் வேலையைக் கச்சிதமாக முடித்தன. ஒருவர் மேலுறை இரும்புக் கம்பியை வலப்பக்கம் முறுக்கியிருந்தார், மற்றவர் இடப்பக்கம். நடுக்கடலில் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒன்றையொன்று பிரித்துவிடும். எந்தப் பக்கம் முறுக்க வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தாம்சன் தன் பங்குக்கு வந்து இறங்கிய செம்பைச் சோதித்துப் பார்த்து, ஒரு சுருளுக்கும் இன்னொரு சுருளுக்கும் மின்சாரம் கடத்தும் திறனில் ஏகப்பட்ட வித்தியாசம் என்று கண்டுபிடித்தார். அதுவரை உலகத்தில் ஒரு தொழிற்சாலையும் செம்பை அப்படிச் சோதித்து வாங்கியதில்லை. பார்ட்-டைம் ஆள் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

1857 ஆகஸ்டில் கப்பல்கள் கிளம்பின. தலைமை மின்சாரக்காரர் வைட்ஹவுஸ் உடம்பு சரியில்லை, கடல் பயணம் ஆகாது என்று கரையிலேயே நின்றுவிட்டார். லீவு கேட்டவரே டாக்டர் என்பதால் சர்டிஃபிகேட் பிரச்னை எழவில்லை. பதிலுக்கு யார் போவது? சம்பளமில்லாத வாத்தியார்தான். முன்னூற்றுச் சொச்சம் மைல் போட்டதும் கம்பி அறுந்து ஆழத்துக்குப் போய்விட்டது. மறுவருஷம் ஜூனில் மறுபடி. புயலில் அகமெம்னான் கப்பல் கவிழாமல் பிழைத்தது அதிசயம். கம்பி மூன்று நாலு தடவை அறுந்தது. அப்போதும் வைட்ஹவுஸ் கரையில், தாம்சன் கடலில். ஒருவழியாக 1858 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இரண்டு முனையும் கரையேறின.

நியூயார்க் தலைகால் புரியாமல் ஆடியது. டிஃபனி நகைக்கடை மிச்சக் கம்பியை வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி, துண்டு ஐம்பது சென்ட்டுக்கு விற்றது. இந்தக் கதையில் கம்பியால் முதலில் லாபம் பார்த்தவர்கள் இவர்கள்தான். ஆகஸ்ட் 17 இரவு வாணவேடிக்கையில் நகரசபைக் கட்டடத்தின் கோபுரமே பற்றிக்கொண்டது.

விக்டோரியா மகாராணி ஜனாதிபதி புக்கானனுக்கு வாழ்த்து அனுப்பினார். 98 வார்த்தை, போய்ச் சேர 16 மணி நேரம். அதிலும் முதல் பகுதி மட்டும் போனபோது நடுவில் வேலை நின்றது. வந்தது இவ்வளவுதான் என்று நினைத்த அமெரிக்கர்கள், மகாராணி என்ன இப்படி வெடுக்கென்று பேசுகிறார் என்று முகம் சுளித்தார்கள்.

அயர்லாந்தின் வாலன்சியா தீவில் இருந்த நிலையத்தில் அப்போது நடந்ததுதான் உச்சம். வைட்ஹவுஸ் ஐந்தடி நீளத் தூண்டுசுருள்களை வரிசையாக வைத்து, சுமார் 2,000 வோல்ட்டைக் கம்பிக்குள் அடித்துக்கொண்டிருந்தார். மறுமுனையிலிருந்து வருவதைப் படிக்க அவர் பேட்டன்ட் எடுத்த கருவியால் முடியவில்லை. தாம்சனின் கருவியால் முடிந்தது. பட்டு நூலில் ஒரு துளிக் கண்ணாடி, அதன் முதுகில் காந்தச் சில்லு, எதிரே ஒரு விளக்கு. துளி மின்சாரம் வந்தாலும் கண்ணாடி திரும்பி, சுவரில் ஒளிப்பொட்டு இடமும் வலமும் நகரும். வைட்ஹவுஸ் ரகசியமாக இந்தக் கண்ணாடியில் செய்தியைப் படித்துவிட்டு, பிறகு தன் கருவியில் அதை அச்சடித்து, தன் கருவியில்தான் வந்தது என்று லண்டனுக்கு அனுப்பினார். அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதிய பையனாவது இன்னொருவன் எழுதியது தப்பு என்று ஊரைக் கூட்டிச் சொன்னதில்லை.

விஷயம் தெரிந்து, நியூயார்க் கோபுரம் எரிந்த அதே ஆகஸ்ட் 17-ஆம் தேதி கம்பெனி அவரை வேலையைவிட்டு நீக்கியது. இங்கே தாம்சன் ஒரு காரியம் செய்தார். பாவம், விட்டுவிடுங்கள் என்று வைட்ஹவுஸுக்காகப் பரிந்து பேசினார். இயக்குநர் குழு தாம்சனைக் கண்டித்தது. ஓசியில் உழைத்தவருக்கு மெமோ.

கம்பி செப்டம்பர் தொடக்கத்தில் மயக்கம் போட்டு, அக்டோபரில் மூச்சை விட்டது. அதற்குள் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தது. இந்தியாவில் 1857 கிளர்ச்சியை அடக்குவதற்காகக் கனடாப் பக்கமிருந்து கிளம்ப இருந்த ராணுவப் பிரிவுகளுக்கு, இனி வரவேண்டாம் என்று லண்டனிலிருந்து ஆகஸ்ட் கடைசியில் ஒரு செய்தி போனது. அதில் ஐம்பதாயிரம் பவுண்டுக்கு மேல் மிச்சம் என்று கணக்குக் காட்டினார்கள். பிறகு கம்பி ஊமையானதும், ஆரம்பத்திலிருந்தே எல்லாம் பித்தலாட்டம், ஒரு செய்தியும் போகவில்லை என்று சொல்லவும் ஆட்கள் கிளம்பினார்கள்.

முழுப் பழியையும் டாக்டர் தலையில் போடுவது நியாயமில்லை. கம்பியை வெயிலில் போட்டு வைத்திருந்ததில் கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் உறை இளகி, உள்ளே செம்பு நடுவிலிருந்து விலகியிருந்தது. நோயாளி ஏற்கெனவே படுக்கையில். டாக்டர் 2,000 வோல்ட் மருந்து கொடுத்தார், அவ்வளவுதான்.

அடுத்து செங்கடல் வழியாக இந்தியாவுக்குப் போட்ட கம்பியும் படுத்தது. அதற்கு அரசாங்கம் பங்குதாரர்களுக்கு வருஷம் 36,000 பவுண்டு, ஐம்பது வருஷத்துக்கு என்று உத்தரவாதம் கொடுத்திருந்தது. கம்பி செத்தாலும் தவணை சாகவில்லை. கஜானாவில் கைவைத்த பிறகுதான் விசாரணைக் குழு வந்தது. 1861-ல் தடித்த அறிக்கை வந்தது. வாத்தியார் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதில் இருந்தது.

அடுத்த கம்பியில் செம்பு மைலுக்கு 300 பவுண்டு. 1865-ல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பலிலிருந்து அதுவும் ஒரு தடவை அறுந்து விழுந்தது, ஆனால் 1866 ஜூலை 27-ல் புதுக் கம்பி கரை சேர்ந்தது. அறுந்த பழையதையும் கடலடியிலிருந்து கொக்கி போட்டுத் தூக்கி முடித்தார்கள். தாம்சன் இப்போது சர் வில்லியம்.

அந்த செப்டம்பரில் வாலன்சியாவில் லாட்டிமர் கிளார்க் என்ற எஞ்சினியர் ஒரு குறும்பு செய்தார். இரண்டு கம்பிகளையும் அமெரிக்க முனையில் சேர்த்துக் கட்டச் சொன்னார். உள்ளூர்ப் பெரிய வீட்டுப் பெண்ணிடம் தையலுக்குப் போடும் வெள்ளி விரல்குப்பியைக் கடன் வாங்கினார். அதில் சில சொட்டு அமிலமும் ஒரு துண்டு துத்தநாகமும் போட்டதும் பேட்டரி தயார். அந்த விரல்குப்பி மின்சாரம் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்த் திரும்பியும் வந்து, தாம்சனின் கண்ணாடியைத் தெளிவாக ஆட்டியது. ஐந்தடிச் சுருள்கள் எங்கே போயின என்று தெரியவில்லை.

பார்ட்-டைம் வேலையின் ருசி தெரிந்த தாம்சன், வார்லி, ஃப்ளீமிங் ஜென்கின் என்ற இரண்டு எஞ்சினியர்களையும் சேர்த்துக்கொண்டு பேட்டன்ட்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டினார். இனி ஆலோசனை ஓசியில் கிடையாது, எந்தக் கம்பெனியாக இருந்தாலும் காசு வைக்க வேண்டும். கம்பிகள் எங்கும் ஓடின. 1871-க்குள் சென்னையிலிருந்தே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடியில் தந்தி போனது. கல்லூரி வேலையை மட்டும் அவர் விடவில்லை. 1899 வரை, மொத்தம் 53 வருஷம். 1870-ல் ‘லல்லா ரூக்’ என்று 126 டன் பாய்மரப் படகு ஒன்று வாங்கினார். நாலு வருஷம் கழித்து அதில் மடைராத் தீவுக்குப் போனவர், துறைமுகத்தை நெருங்கும்போதே படகிலிருந்து சமிக்ஞை அனுப்பி ஃபேனி பிளாண்டி என்ற பெண்ணிடம் கல்யாணம் கேட்டதாகவும், கரையிலிருந்து உடனே சம்மதம் வந்ததாகவும் கதை சொல்கிறார்கள். சமிக்ஞை மொழியை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் வாத்தியார்தானாம். ஃபீஸ் வாங்கினதாகத் தகவல் இல்லை.