எண்ணூறு வண்டியின் தாங்கலும் தடுப்பும்: ஓர் ஆய்வு முன்னுரைக்கு முன்னுரை

பழைய மாருதி 800 வண்டியின் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் மேம்படுத்துவது குறித்துத் தமிழில் இதுகாறும் முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. அப்பெருங்குறையை இக்கட்டுரை நீக்குகிறது. இப்படியொரு குறை இருப்பதாக யாரும் முறையிட்டதில்லை என்பதை முன்னுரையில் சொல்லும் வழக்கம் நம் ஆய்வுலகில் இல்லை. எனவே நானும் சொல்லவில்லை.

ஆய்வெல்லை 1983 டிசம்பர் 14 முதல் 2014 ஜனவரி வரை. முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்த நாளில் தொடங்கி, உற்பத்தி நின்ற மாதத்தில் முடிகிறது. ஆய்வுப்பொருள்: 796 சி.சி., மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம், முக்கால் டன்னுக்கும் குறைந்த எடை. ஆய்வுமுறை: மெக்கானிக் ஷெட் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தல். கள ஆய்வு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் காலக் கணிப்பு. ஒரு வண்டியின் வயதை நிறுவுவது எளிதன்று. ஆர்.சி. புத்தகம் புறச்சான்று, காலடித் தகட்டில் துரு தின்ற ஓட்டை அகச்சான்று. இரண்டும் முரண்பட்டால் தரகரின் வாய்மொழியைக் கொள்க. "நடுவுல நாலு வருஷம் ஷெட்டுலயே நின்ன வண்டி சார், அதைக் கழிச்சுக்குங்க" என்று அவர் எப்போதும் வயதைக் குறைத்தே சொல்வார். இதே வண்டியை நம் இலக்கியக் காலக் கணிப்பாளர்களிடம் கொடுத்திருந்தால் ஒருவர் அதைக் கி.மு.வுக்கு ஓட்டிக்கொண்டு போயிருப்பார். மறுகட்சிக்காரர் பதினோராம் நூற்றாண்டுக்கு இழுத்து வந்திருப்பார். பானட்டைத் திறந்து பார்த்தவர் இரண்டு கட்சியிலும் இருந்திருக்க மாட்டார்.

இனி மூலங்கள். முதலாவது புதுப்பேட்டை மரபு, அதாவது சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய உதிரிபாகம் விற்கும் சந்துகளில் வாய்மொழியாக வழங்கி வருவது. இரண்டாவது, ஷெட் பில் புத்தகத்தின் மூன்றாம் கார்பன் நகல். இதில் 'புஷ் 2' என்று இருப்பதை 'புஷ் 12' என்றும் படிக்கலாம். கூட்டுத்தொகையைப் பார்த்தால் பின்னதே ஆசிரியர் கருதிய பாடம். மூன்றாவது, பிரேக் ஷூ வந்த அட்டைப்பெட்டியின் உள்மடிப்பில் உள்ள பென்சில் குறிப்பு. அதில் பாதி கிரீஸில் அழிந்துவிட்டது. என் கோட்பாட்டுக்கான சான்றுகள் அனைத்தும் அந்த அழிந்த பாதியில்தான் இருந்தன.

மேம்படுத்துவோர் பல நெறியினர். இவர்களில் மூத்தவர் வெட்டுநெறியார். ஸ்ப்ரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் வண்டி தாழும், தாழ்ந்தால் பந்தயக் காராகும் என்பது இவர்கள் துணிபு. சுருள்வில்லின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். எட்டுச் சுற்றில் ஒன்றை எடுத்தால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடும். ஷாக் அப்சார்பரோ பழைய விறைப்புக்கு அளவெடுத்துச் செய்தது. புதிய துள்ளலை அதனால் அடக்க முடியாது. சக்கரம் மேலே ஏறி இறங்க இருந்த இடமும் குறைந்துவிட்டதால், பள்ளம் வந்தால் சஸ்பென்ஷன் நேரே பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். அந்த முட்டலுக்கு இந்நெறியார் 'ரோடு ஃபீல்' என்று பெயரிட்டுள்ளனர். முதுகுவலி வைத்தியர்கள் இதை மறுத்ததாகத் தெரியவில்லை.

அகல டயர் நெறியார்: ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பாதவரை இவர்கள் கொள்கையில் பிழை காண முடியாது.

பெருந்தட்டு நெறியார், பெரிய காரின் டிஸ்க்கையும் பூஸ்டரையும் சின்ன காரில் பொருத்துவோர். பூஸ்டர் குறைப்பது காலின் உழைப்பை. பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது டயருக்கும் தார் ரோட்டுக்கும் இடையில் உள்ள பிடிமானம் மட்டுமே. முன் பிரேக்கை மட்டும் பெரிதாக்கினால் முன்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேரே போகும். பின்னால் கூட்டினால் அதைவிட மோசம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது, லேசாகிப் போன பின்சக்கரம் பூட்டுகிறது, வால் சுழல்கிறது. முன்னுக்கு இவ்வளவு, பின்னுக்கு இவ்வளவு என்று கம்பெனி பாகம் பிரித்து அனுப்பியது இதனால்தான். பத்திரம் பதிவான பிறகு பாகப்பிரிவினையில் கைவைத்த குடும்பங்கள் என்ன ஆயின என்பதை வாசகர் அறிவார்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, வண்டியைக் கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாகத் திருத்தக்கூடாது என்கிறது, மூன்று நெறியாரும் இதைப் பிற்சேர்க்கை என்று ஒதுக்கிவிட்டனர்.

இனி இவ்வாய்வின் இதயப்பகுதி. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட தரக்குறிப்பின்படி ஒரு வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கானது. (நம் தெருக்களில் ஊரார் இரவோடிரவாகக் கட்டியவை இடைச்செருகல், அவை ஆய்வில் சேரா.) பிரேக் ஆயிலில் ஈரம் ஏறிய நிலையின் கொதிநிலையை அளக்க, அதில் எத்தனை சதவீதம் தண்ணீர் இருக்க வேண்டும் என்று தரநிர்ணயத்தார் வைத்திருக்கிறார்கள்? 3.7. சஸ்பென்ஷனைச் சோதிக்கும் மேடும் 3.7, பிரேக்கைச் சோதிக்கும் நீரும் 3.7! இதைத் தற்செயல் என்போர் ஆய்வுக்குத் தகுதியற்றவர்.

மேலும் சான்று வேண்டுவோர்க்கு: பிந்தைய மாருதி 800 இன்ஜினின் திறன் 37 குதிரைத்திறன். நடுவில் இருந்த புள்ளி ஏட்டைப் பெயர்த்து எழுதியவர் கைப்பிழையால் விழுந்துபோயிற்று. வண்டியில் சிலிண்டர் மூன்று. வீல்களை எண்ணுக: ஓடுவன நான்கு, ஸ்டெப்னி ஒன்று, ஸ்டீயரிங் வீல் ஒன்று, ஃப்ளைவீல் ஒன்று, ஆக ஏழு. மூன்றும் ஏழும் கூடிய இடத்தில் ஐயத்துக்கு இடம் ஏது? (பார்க்க: பில் புத்தகம், மூன்றாம் நகல், பின்பக்கம்.) கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை 3.7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 18.9 வருகிறது. இதன் உட்பொருளை அடுத்த கட்டுரையில் விளக்குவேன், அதற்கும் நிதி நல்கப்பட்டால்.

இக்கோட்பாட்டுக்கு அரண் செய்யும் பிற சான்றுகள்: டீக்கடைக் கடன் நோட்டு, திருத்திய இரண்டாம் பதிப்பு (திருத்தியவர் கடன் வாங்கியவர்), பஞ்சர் கடைச் சுவரில் கரியால் எழுதிய கல்வெட்டு, மூன்றாம் வரி, மேலே அடித்த சுண்ணாம்பைச் சுரண்டிய பின் படித்தது, அக்கல்வெட்டுக்கு லாரி கிளீனர் ஒருவர் செய்த வாய்மொழி உரை, அவ்வுரைக்கு அவர் தம்பி செய்த மறுப்பு, அம்மறுப்புக்கு அண்ணன் தொடங்கிய மறுப்பின் மறுப்பு, அவர்கள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டதால் முற்றுப்பெறாதது. இவற்றுள் எதையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஒருவர் மேற்கோளை இன்னொருவர் எடுத்தாள, அதைப் பார்த்து மூன்றாமவர் உறுதி செய்வதே நம் மரபு. நடையை மாற்ற நான் யார்?

இந்த இடத்தில் ஆய்வுக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. வெட்டுநெறித் தலைவர் ஒருவர் தாழ்த்திய வண்டியோடு ஷெட்டுக்கு வந்தார். பெரிய டிஸ்க் போட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். மெக்கானிக் பெடலை மிதித்துப் பார்த்தார். அது மெத்தென்று உள்ளே போயிற்று.

"பிரேக் ஆயில் கடைசியா எப்ப சார் மாத்துனீங்க?"

"அதை எல்லாம் மாத்தணுமா?"

மெக்கானிக்கிடம் மேற்கோள் எதுவும் இல்லை. ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருந்தது. பால் ஜாயின்ட் ஆடியது. ஸ்ட்ரட்டில் எண்ணெய் கசிந்திருந்தது. புஷ் போனால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஷாக் போனால் டயர் ரோட்டை விட்டுத் துள்ளும். துள்ளும் டயரில் எந்த டிஸ்க்கைப் போட்டாலும் பிடிக்காது. பின் டிரம்மில் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருந்தது. மேம்படுத்த வந்த வண்டி, 1990-களில் கடையிலிருந்து வந்த நிலைக்கே இன்னும் திரும்பவில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது; அந்த 3.7 சதவீதம் ஈரம் ஏறினால் 155 டிகிரி போதும் என்கிறது தரம். டாட் 3 என்றால் 205, 140. வேகம் 40-இலிருந்து 80 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. கொல்லிமலையில் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு ஆயிலுக்கும் போகும். ஈரம் ஏறிய ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். திரவம் அழுந்தாது, குமிழி அழுந்தும். பெடல் தரையைத் தொடும்.

இதற்கு மேல் என் கோட்பாட்டை விரித்தால் பக்கம் மிகும் என்பதால், வாசகருக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். பழைய வண்டி வைத்திருந்தால், மாஸ்டர் சிலிண்டர் மேலுள்ள டப்பாவை வெளியிலிருந்தே பாருங்கள். உள்ளே தெரியும், மூடியைத் திறந்து ஈரத்தை விட வேண்டாம். ஆயில் கறுத்திருந்தால் மாற்றி ஏர் எடுக்கச் சொல்லுங்கள். கறுக்காவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிறகு புஷ், பால் ஜாயின்ட், ஷாக், நல்ல டயர் நான்கு. ஸ்ப்ரிங்கை வெட்டுவது பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.