ஈரத்துணி ரெஃப்ரி

நாக்அவுட் ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனால், ஜெயித்தவனுக்கு அது நெஞ்சுரம், தோற்றவனுக்கு லாட்டரி. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் 3-3 என்று நின்று, பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா பிரான்ஸை மடக்கியபோது மார்கழி பிறந்து மூன்றாம் நாள். மறுநாள் விடியற்காலை ஸ்ரீரங்கத்து வீதிகளில் திருப்பாவையைவிட இந்த வழக்குதான் உரக்கக் கேட்டது.

"எம்பாப்பே ஒத்தை ஆளா மூணு கோல் போட்டான் மாமா. அவன் தோத்தவன்னா என்ன நியாயம்?"

"கோல்கீப்பர்னு ஒருத்தன் எதுக்குடா நிக்கறான்? கொலு பொம்மையா?"

"கூடுதல் நேரத்தை நீட்டிண்டே போகணும் மாமா. விழறவன் விழட்டும்."

"விடிய விடிய ஓடினா எனக்குக் காவேரி ஸ்நானம் யார் பண்ணுவா?"

மாமா பக்கம் நியாயம் உண்டு. பெனால்டிக்கு முன்னால் இருந்தது இன்னும் கேவலம். 1968-ல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, நேப்பிள்ஸ் நகரம். இத்தாலியும் சோவியத் யூனியனும் 120 நிமிடம் ஓடி ஒரு கோல்கூடப் போடவில்லை. ரெஃப்ரி காசைச் சுண்டினார். வரலாற்று விதிகளை நம்பிய நாடு, பூவா தலையாவில் தோற்று வீட்டுக்குப் போயிற்று. அதே ஆண்டு ஒலிம்பிக்கில் இஸ்ரேல் சீட்டுக் குலுக்கலில் பல்கேரியாவிடம் தோற்றது. அந்த வயிற்றெரிச்சலில் யோசெஃப் தகான் என்ற இஸ்ரேல்காரர் பெனால்டி யோசனையைக் கிளப்ப, 1970-ல் அது விதியாயிற்று.

யோசனைக்கு அவ்வளவு அலைந்திருக்க வேண்டாம். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகும் 1-ஆம் நம்பர் பஸ் ஏறியிருந்தால் போதும்.

ராமானுஜர் காலத்தில், வடக்கே எல்லாரையும் வென்றுவிட்டு ஓலைச்சுவடி மூட்டைகளோடு ஸ்ரீரங்கத்தில் வந்து இறங்கினார் யக்ஞமூர்த்தி என்ற அத்வைத சந்நியாசி. பந்தயம் கறாராகப் பேசப்பட்டது. யக்ஞமூர்த்தி தோற்றால் ராமானுஜரின் பாதுகையைச் சுமந்து, அவர் பெயரையும் சூட்டிக்கொள்ள வேண்டும். ராமானுஜர் தோற்றால் இனி ஏட்டைத் தொடக்கூடாது. 17 நாள் ஓடியது. 17-ஆம் நாள் மாலை யக்ஞமூர்த்தியின் கைதான் ஓங்கியிருந்தது என்று குருபரம்பரைக் கதையே ஒளிக்காமல் சொல்கிறது. இரவு கனவில் காஞ்சிப் பெருமாள் பேரருளாளன் வந்து, மூத்த ஆசாரியர் ஆளவந்தாரின் வாதங்களை எடுத்துப் போடு என்று காதைக் கடித்தார். வெளியூர்க் கோச்.

18-ஆம் நாள் காலை ராமானுஜர் நடந்து வந்த தோரணையைப் பார்த்ததுமே யக்ஞமூர்த்தி காலில் விழுந்துவிட்டார். பெனால்டி அடிப்பவனின் நடையைப் பார்த்தே கோல்கீப்பர் வலையை விட்டு வெளியே வந்து கைகொடுத்த ஒரே ஆட்டம் இதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஸ்ரீரங்கம். தோற்றவருக்கு அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்று பெயர் வைத்து, தனி மடமும் கட்டிக் கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த இருவர் ராமானுஜரைத் தேடி, எம்பெருமானார் மடம் எங்கே என்று கேட்க, எந்த எம்பெருமானார் என்று ஊரார் திருப்பிக் கேட்டார்கள். இதைக் காதில் வாங்கிய புது எம்பெருமானார் மடத்தை இடித்துவிட்டு ஆசிரியரிடமே திரும்பிவிட்டார். தோற்ற அணி தானே முன்வந்து தன் மைதானத்தை இடித்ததாக வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த சமன் இன்னும் சிக்கல். 1323-ல் டில்லிப் படை வருகிறதென்று உற்சவரை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாச்சாரியார் கூட்டம் தெற்கே ஓடியது. பெருமாள் ஊர் ஊராகத் திரிந்து, 1371-ல் விஜயநகரத்துக் கோபணாரியர் கையால் செஞ்சி வழியாகத் திரும்பினார். வந்து பார்த்தால் சந்நிதியில் ஏற்கெனவே வேறொரு உற்சவர். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் ஊர் சும்மா இருக்குமா? இருவரில் யார் பழையவர்? பார்த்துச் சொல்லக்கூடிய தலைமுறை போய்ச் சேர்ந்திருந்தது. பட்டர்கள் ஒரு பக்கம், படைக்காரர்கள் ஒரு பக்கம்.

கோயில் வரலாறு சொல்லும் கோயிலொழுகு தரும் தீர்ப்பு இது. பெருமாளின் துணியை வெளுத்துக் கொடுத்த கிழவர் ஒருவர் மிச்சமிருந்தார், ஈரங்கொல்லி. கண்பார்வை போய்விட்டது. இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கிழவர் ஒன்றை வாயில் விட்டுப் பார்த்தார். இன்னொன்றை விட்டுப் பார்த்தார். கஸ்தூரி வாசனை நாக்கில் தட்டியதும், "இவரே நம்பெருமாள்" என்றார். வேதம் படித்த அத்தனை பேரும் ஒரு சலவைத் தொழிலாளியின் நாக்குக்குக் கட்டுப்பட்டார்கள். கண் தெரியாத ரெஃப்ரி என்று நாம் திட்டுவதெல்லாம் இந்த ஊரில் செல்லாது. அன்றைக்குச் சரியான தீர்ப்பு சொன்னது அவர்தான். தோற்றவர் என்று யாரையும் வெளியே அனுப்பவும் இல்லை. இரண்டாமவர் திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு இன்றும் உள்ளேயே இருக்கிறார்.

இதே கோயிலில் கம்பராமாயண அரங்கேற்றத்தில் இரணியன் கதை வரலாமா என்று பண்டிதர்கள் முறுக்கிக்கொண்டதும், மேட்டுச் சந்நிதி நரசிம்மரான மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஆமோதித்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. வீடியோ ரெஃப்ரியை முதலில் மேட்டில் உட்காரவைத்தது நாம்தான்.

துப்பாக்கி வந்த பிறகு ஊருக்கு இந்தப் பக்குவம் போய்விட்டது. 1751-ல் ஆற்காட்டு நவாப் யார் என்ற இறுதி ஆட்டம். திருச்சி மலைக்கோட்டைக்குள் முகமது அலி, ஸ்பான்சர் ஆங்கிலக் கும்பினி. வெளியே சந்தா சாகிப், ஸ்பான்சர் பிரெஞ்சுக் கும்பினி. முற்றுகை மாதக்கணக்கில் இழுத்தது. பிரெஞ்சுத் தளபதி ழாக் லா, 1752-ல் பயந்துபோய்க் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கத் தீவில் ஒதுங்கினார். முற்றுகை போட்டவர் தானே முற்றுகைக்குள் போய் உட்கார்ந்தார்! வடகரையில் சமயபுரத்தைக் கிளைவ் அடைத்துக்கொள்ள, ஜூனில் லா சரணடைந்தார். இந்த லா, ஸ்காட்லாந்து வம்சம். 1970-ல் இங்கிலாந்தில் நடந்த முதல் பெனால்டி ஷூட்-அவுட்டில் முதலில் கோட்டை விட்டவரும் ஸ்காட்லாந்துக்காரர், மான்செஸ்டர் யுனைடெட் டெனிஸ் லா. ஜாதகம் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சந்தா சாகிப் தஞ்சாவூர்த் தளபதி மானாஜியின் சத்தியத்தை நம்பி அவரிடம் போனார். முன்னொரு காலத்தில் ராணி மீனாட்சிக்குப் பொய்ச் சத்தியம் செய்து திருச்சியைப் பிடித்தவருக்கு, மற்றவர்கள் சத்தியத்தில் இவ்வளவு நம்பிக்கை. கைதியை எனக்குக் கொடு என்று முகமது அலி, மைசூர், மராத்தியர், ஆங்கிலேயர் என நான்கு தரப்பும் மல்லுக்கு நின்றன. நான்கு பேருக்கும் சமன். மானாஜி தலையை வெட்டிச் சமனை உடைத்தார். முதல் கோலோடு கூடுதல் நேரத்தை முடிக்கும் கோல்டன் கோல் என்பதை 2004-ல் ஏன் கைவிட்டார்கள் என்று புரிகிறதா?

ரீப்ளே 1753-ல். நவம்பர் மாத நள்ளிரவில் பிரெஞ்சுக்காரர்கள் ஏணி போட்டு டால்டன் கொத்தளத்தின் வெளிமதிலில் ஏறிவிட்டார்கள். மூச்சு விடக்கூடாது, சுடக்கூடாது என்று உத்தரவு. உள்மதில்தான் பாக்கி, கோல்கீப்பர் தூங்குகிறார், பந்தைத் தட்டினால் போதும். பிடித்த பீரங்கியைப் பார்த்ததும் கை அரித்தது. ஊரைப் பார்த்துத் திருப்பி வெடித்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும். திருச்சி மொத்தமும் எழுந்து உட்கார்ந்தது. மதில்மேல் ஏறியவர்களில் சில நூறு பேர் பொழுது விடிந்ததும் கைதிகள்.

1754 கடைசியில் லண்டனும் பாரிசும் செலவுக்கணக்கைப் பார்த்து மயங்கி, ஆட்டத்தை நிறுத்திச் சமன் என்று அறிவித்துவிட்டன. நொந்துபோனவர் மைசூர்க்காரர் நஞ்சராஜர். உதவிக்கு வந்தால் திருச்சியே உனக்கு என்று முகமது அலி எழுதிக் கொடுத்திருந்தார். சந்தா சாகிப்பை ஜெயித்த பிறகு கேட்டால், ஊர் என்னுடையதா என்ன, டில்லி பாதுஷாவுடையது அல்லவா என்றார். நஞ்சராஜர் கட்சி மாறிப் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து, ஸ்ரீரங்கத்தில் இலவு காத்த கிளியாக உட்கார்ந்து பார்த்தார். 1755-ல் வெறுங்கையோடு ஸ்ரீரங்கப்பட்டணம் திரும்பினார். அங்கே இன்னொரு ரங்கநாதர், கப்பம் கேட்டு வாசலில் இன்னொரு படை.

அவரோடு திருச்சிக்கு வந்து, ஓரத்தில் நின்று இந்தக் கூத்து முழுவதையும் கவனித்துக்கொண்டிருந்த குதிரைப்படைக்காரர் ஒருவர் உண்டு. ஹைதர் அலி. ஆறே ஆண்டில் மைசூரைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டார். 1769-ல் சென்னை வாசலில் குதிரையோடு போய் நின்று கும்பினியிடம் கையெழுத்து வாங்கினார். கூடுதல் நேரம் கேட்கவில்லை.