ஒண்ணேகால் மணி மாப்பிள்ளை

வாடா பேராண்டி, உக்காரு. கோயம்புத்தூர் மாமியார் வீட்டுக்கு பிளேன்ல போறியாமே? "ஒண்ணேகால் மணி நேரம்தான்"னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கே. நம்ம ஆவடி கோவில்பதாகை ஏரிக்கரையிலேயே பிளேன் வந்து நிக்குதா என்ன? எனக்கு யாரும் சொல்லலியே!

கிழவன் கேக்கிறேன்னு கோச்சுக்காதே. அந்த ஒண்ணேகால் மணி எங்கே ஆரம்பிக்குது? சென்னை மீனம்பாக்கத்துல பிளேன் நின்ன எடத்தை விட்டு நகர்ந்ததும். எங்கே முடியுது? கோயம்புத்தூர் பீளமேட்டுல ஓரங்கட்டி நிக்கும்போது. ஓடுபாதை வரைக்கும் உருண்டு போறது, முன்னாடி இருக்கிற பிளேனுக்கு வழிவிட்டு நிக்கிறது, எல்லாம் அதுக்குள்ளே அடக்கம். நெஜமா ஆகாசத்துல இருக்கிறது ஒரு மணி நேரத்துக்கும் கம்மிதான். நேரா அளந்தா சுமார் 400 கிலோமீட்டர்தானே? ரயிலுக்குத்தான் ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடுன்னு சுத்திப்போய் 500 கிட்ட வந்துடும்.

இப்போ வீட்டு வாசல்லேருந்து கணக்குப் போடு. பத்து மணிக்கு பிளேன்னு வெச்சுக்க. ரெண்டு மணி நேரம் முன்னாடியே வரச் சொல்றான். பெட்டி வாங்கற கவுண்டரை ஒரு மணி நேரம் இருக்கும்போதே சாத்திடுவான். ஆவடி, பருத்திப்பட்டு, பூந்தமல்லி, குன்றத்தூர், பல்லாவரம்னு ஊர் ஊரா சிக்னல்ல நின்னு போக ஒன்றரை மணி. ஆக, காலைல ஆறரைக்குக் கெளம்பணும். பதினொன்னேகாலுக்கு எறங்குவே. பெட்டி சுத்தி வர்றதைப் பாத்துக்கிட்டு அரை மணி. ஆர்.எஸ். புரம் போக இன்னொரு அரை மணி. பன்னெண்டேகால்! அஞ்சே முக்கால் மணி நேரம் ஆச்சுடா ராசா. பந்தியில உக்காந்து எழுந்திருக்கிற நேரத்தை மட்டும் சொல்லி, கல்யாணத்துக்குப் போய் வந்த நேரம்னு சாதிக்கிறே நீ.

அப்போ ரயில்ல போகச் சொல்றேனான்னு மொறைக்காதே. 2023 ஏப்ரல்ல விட்ட வந்தே பாரத், சென்ட்ரல்லேருந்து கோயம்புத்தூருக்கு 5 மணி 50 நிமிஷம்னு கெளம்புச்சு. ஆனா அதைப் பிடிக்க நீ ஆவடியிலேருந்து கெழக்கே சென்ட்ரலுக்குப் போகணும். ஏறி உக்காந்தா அது திரும்ப ஆவடி வழியாவே மேற்கே பறக்கும். சன்னல் வழியா நம்ம ஊர்ப்பக்கம் பாத்துக் கை காட்டலாம், எறங்க முடியாது. அந்தக் கூத்தையும் சேத்தா எட்டு மணி நேரம் ஆயிடும். ஆக, பிளேன்ல உனக்கு மிச்சம் ரெண்டேகால் மணி. அது கெடைக்குது, நான் இல்லேங்கல.

பிளேனோட அருமை டெல்லிக்குப் போனாத்தான் தெரியும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல சுமார் 2,180 கிலோமீட்டர், 33 மணி நேரம். பிளேன்ல மூணு மணிக்குள்ள. வீட்டுலேருந்து ஏர்போர்ட்டுக்குப் போற பாடும், வரிசையில நிக்கிற பாடும் கோயம்புத்தூருக்கும் டெல்லிக்கும் ஒண்ணுதான். தூரம் கூடக்கூடத்தான் அந்தப் பாட்டுக்குக் கூலி தேறும்.

அதனால போ, ராஜா மாதிரி பறந்தே போ. மாமியாருக்கு போன் பண்றப்போ மட்டும் அந்த ஒண்ணேகால் மணியை எடுத்து விடாதே. நீ பூந்தமல்லியில ஹாரன் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே அந்தம்மா தோசைக்கல்லை அடுப்புல வெச்சுடுவாங்க. அப்புறம் மாப்பிள்ளைக்கு ஆறின தோசைதான், மரியாதையும் அதே சூட்டுலதான்!