விசில் வருது, வேகம் வரலை

கேள்வி: என் டீசல் காருக்கு 14 வயது. மூன்றாவது கியரில் அமுக்கினால் விசில் சத்தம்தான் வருகிறது, இழுவை இல்லை. பின்னால் கருப்புப் புகை. 'டர்போ போச்சு, மாத்தணும்' என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடவா? - வாசகர், நிரவி

பதில்: போனது டர்போவா, காற்றா என்று பார்த்தாரா? கருப்புப் புகை என்றால் டீசல் இருக்கிறது, எரிக்கக் காற்று போதவில்லை என்று அர்த்தம். டர்போ அமுக்கி அனுப்பிய காற்று பெரும்பாலும் நடுவழியில் இறங்கிக்கொள்கிறது. இன்ஜின் ஆறியதும் பானட்டைத் திறந்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஈர எண்ணெய் கறுப்பாய் ஒட்டினால் ஆள் சிக்கிவிட்டார். என் பழைய காரில் ஹோஸில் இருந்த விரிசல் கையால் நெளித்தபோதுதான் வாயைத் திறந்தது. அதுவரை உத்தமன் மாதிரி படுத்திருந்தது.

கேள்வி: சோப்புத் தண்ணி அடித்தும் பார்த்தேனே, நுரை வரவில்லை! - அதே வாசகர்

பதில்: ஐடிலில் ஓடவிட்டு அடித்திருப்பீர்கள். அப்போது ஹோஸில் அழுத்தமே கிடையாது. பஞ்சர் கடையில் காற்றில்லாத டியூபையா தண்ணீரில் முக்குகிறார்கள்? இன்ஜினை அணைத்து, டர்போவின் வாயை அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து 7 பிஎஸ்ஐ மட்டும் விட்டு அடியுங்கள். டயருக்கு விடுகிற 32-ஐ விட்டால் ஏதாவது சீல் பிய்த்துக்கொள்ளும். மெக்கானிக் சொன்னது நிஜமாகிவிடும்.

கேள்வி: ஸ்கேனர் காட்டும் பிரஷரை நம்பலாமா? - வாசகர், கோட்டுச்சேரி

பதில்: முதலில் அதற்கே ஒரு பரீட்சை வையுங்கள். சாவியைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் பாருங்கள். நாம் இருக்கும் காரைக்கால் கடல் மட்டத்தில். 100 கிலோபாஸ்கல் பக்கம் காட்ட வேண்டும். 80-க்குக் கீழே காட்டினால், ஒன்று நீங்கள் கொடைக்கானலில் இருக்கிறீர்கள், இல்லை சென்சார் பொய் சொல்கிறது. கரி படிந்திருக்கும், கழற்றித் துடையுங்கள்.

கேள்வி: டர்போவே போயிருந்தால் எப்படித் தெரியும்? - வாசகர், நெடுங்காடு

பதில்: நீலப் புகை, குறையும் ஆயில். ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, டர்போ விசிறியைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி ஆடலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசினாலோ பர்ஸை எடுங்கள். உப்புக்காற்று ஊராயிற்றே, வேஸ்ட்கேட் கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

கேள்வி: மயிலாடுதுறையிலிருந்து காரைக்கால் வந்து மலிவு டீசல் அடிக்கிறேன். அதனால் பிரஷர் குறையுமா? - வாசகர், மயிலாடுதுறை

பதில்: இங்கே குறைவது வரி. டீசல் அதே டீசல்தான்.

கேள்வி: டர்போ பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சரக்கா? - வாசகர், திருமலைராயன்பட்டினம்

பதில்: அவர்கள் 1954-ல் காரைக்காலை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். டர்போவுக்கு 1905-ல் காப்புரிமை வாங்கியவர் சுவிஸ்காரர் ஆல்ஃப்ரெட் பியூக்கி.

கேள்வி: காரைத் திருநள்ளாற்றுக்கு ஓட்டிப்போய் எள் விளக்கு ஏற்றினால் சரியாகுமா? - வாசகி, அம்பகரத்தூர்

பதில்: தாராளமாய்ப் போய் வாருங்கள். ஆனால் இது சனி பிடித்ததால் வந்த கோளாறு இல்லையம்மா, ஹோஸ் கிளாம்ப் பிடிக்காததால் வந்தது. கிளம்புமுன் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு முறுக்கு.