காவல் பெருகினால் பயம் குறையுமா?

(திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்துப் பனியன் உற்பத்தியாளர்களும், அவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பராமரித்துக் கொடுப்பவர்களும் விடுத்த வினாக்களுக்கு விடைகள்)

கம்ப்யூட்டர் பராமரிப்பாளர், பெரிச்சிபாளையம்: பல பனியன் கம்பெனிகளுக்கு ஏ.எம்.சி. பார்த்து வருகிறேன். ஆண்டிவைரஸ், ஃபயர்வால், மின்னஞ்சல் வடிகட்டி, பேக்கப், தொலைவிலிருந்தே கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் ஆர்எம்எம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத்துடையது. எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தின் தொகுப்பாக மாற்றினால் செலவு குறையுமா?

செலவு குறையும் என்ற ஆசை ஒன்றை மட்டுமே துணையாகக் கொண்டு இறங்குவீர்களானால் ஏமாற்றத்துக்கும் சித்தமாக இருங்கள். கார்ட்னர் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாதுகாப்புக் கருவிகளை ஒன்றுசேர்க்க முயன்ற ஸ்தாபனங்கள் 75 சதவீதம். 2020-இல் அது 29 சதவீதமாக இருந்தது. ஆயினும் அவற்றுள் லைசென்ஸ் செலவு குறையும் என்று எதிர்பார்த்தவை 29 சதவீதந்தான். அபாயம் குறையும் என்று எதிர்பார்த்தவையோ 65 சதவீதம். காசைக் காட்டிலும் கவனத்தை மிச்சப்படுத்தவே பெரியவர்கள் இந்தக் காரியத்தில் இறங்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஐந்து கருவிகள் ஐந்து திரைகளில் நாளெல்லாம் எச்சரிக்கைகளைப் பொழிந்துகொண்டிருக்க, அவற்றைப் படிக்க வேண்டிய உங்கள் உதவியாளர் அந்நேரம் மங்கலம் ரோட்டில் ஏதோ ஒரு கம்பெனியின் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருப்பாரானால், அந்த எச்சரிக்கைகள் எத்தனை துல்லியமாக இருந்துதான் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஒரு திருடன் காலையில் மின்னஞ்சல் வழியாக ஒருவருடைய பாஸ்வேர்டைப் பறித்து, மாலையில் அதைக் கொண்டு சர்வருக்குள் நுழைந்து, நள்ளிரவில் ஆண்டிவைரஸை நிறுத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கருவிகள் மூன்று திரைகளில் காட்டும்போது அவை மூன்று அற்பச் சங்கதிகள். ஒரே திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போதுதான் அது ஒரு கொள்ளையின் ஆரம்பம் என்று புலப்படும். ஆகவே ஒன்றாக்குங்கள். ஆனால், ‘ஒரே தொகுப்பு’ என்று விற்கப்படுபவற்றில் சில, ஒரு கம்பெனி நாலைந்து கம்பெனிகளை விலைக்கு வாங்கித் தன் பெயரை ஒட்டியதால் உண்டானவை. உள்ளே நுழைந்து பார்த்தால் திரைகள் பழையபடி ஐந்தாகவே இருக்கும். பில் மட்டும் ஒன்றாகியிருக்கும். பணம் கட்டுமுன் ஒரு மாத காலம் பரீட்சை செய்து பாருங்கள்.

பவர் டேபிள் உரிமையாளர், அனுப்பர்பாளையம்: ஏனுங்க, ரெண்டு ஆண்டிவைரஸ் போட்டா ரெண்டு மடங்கு பாதுகாப்புத்தானுங்களே?

ஒன்று மற்றதன் நடவடிக்கையைச் சந்தேகித்துச் சோதிக்க, மற்றது அந்தச் சோதனையையே சந்தேகித்துச் சோதிக்க, இடையில் உங்கள் அக்கவுண்டண்ட் டாலி திறப்பதற்குள் டீ ஆறிவிடும். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டராவது, வேறொரு ஆண்டிவைரஸ் வந்து சேர்ந்ததும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கியவை இரண்டுக்கும் அந்தப் பண்பு கிடையாதுங்க. ஒன்று போதும்.

ஏற்றுமதியாளர், அவிநாசி ரோடு: எல்லாவற்றையும் ஒரே கருவியிடம் ஒப்படைத்தால், அந்தக் கருவியே களவு போகும்போது என் கதி என்ன?

இம்மாதம் வந்த கேள்விகளில் உத்தமமானது இதுவே. 2021 ஜூலை 2, வெள்ளிக்கிழமை. அமெரிக்கர்கள் சுதந்திர தின விடுமுறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த சமயத்தில், கசேயா என்னும் நிறுவனத்தின் விஎஸ்ஏ என்ற தொலைப் பராமரிப்பு மென்பொருளில் இருந்த ஓட்டை வழியே ரீவில் என்ற கொள்ளைக் கூட்டத்தார் நுழைந்தனர். நேரடியாக அகப்பட்ட பராமரிப்பு நிறுவனங்கள் 60-க்கும் குறைவு. அவற்றை நம்பியிருந்த பாவத்துக்காக முடங்கிய தொழில்களோ 1,500 வரை. கசேயாவிடம் நேரே எதையும் வாங்கியிராத கூப் என்ற ஸ்வீடன் தேசத்துக் கடைத்தொகுதி, தன் பில் போடும் இயந்திரங்களைப் பராமரித்தவர்கள் அந்த மென்பொருளை வைத்திருந்த ஒரே காரணத்தால், சுமார் 800 கடைகளின் கதவை மூடிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், கசேயாவின் கோப்புகளைச் சோதிக்க வேண்டாம் என்று ஆண்டிவைரஸுக்கு முன்கூட்டியே விலக்கு எழுதிவைப்பது அந்நிறுவனம் சொல்லிக்கொடுத்த சம்பிரதாயம். கொள்ளையர் அந்த விலக்கு வழியாகவே சுகமாகப் போய் வந்தார்கள்.

நம் தேசத்திலும் இதற்குத் திருஷ்டாந்தம் உண்டு. ஸ்டேட் பாங்கும் டிசிஎஸ்ஸும் கூட்டாக நடத்தும் சி-எட்ஜ் என்ற நிறுவனம் 2024 ஜூலை இறுதியில் ரான்சம்வேர் தாக்குதலுக்கு இலக்காக, அதைப் பணப் பரிமாற்ற வலையிலிருந்து, அந்த வலையை நடத்தும் என்பிசிஐ தற்காலிகமாகத் துண்டிக்க நேர்ந்தது. அதை நம்பியிருந்த, பெரும்பாலும் கூட்டுறவு, கிராமிய வகையைச் சேர்ந்த, ஏறக்குறைய 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் தங்கள் பணத்தைத் தாங்களே அனுப்ப இயலாமல் நின்றார்கள்.

இந்த நியாயத்தைத் திருப்பூர்க்காரருக்கு நான் போதிப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கம். ஒவ்வொரு சாயப்பட்டறையும் தனித்தனியே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது என்பதால் பலர் கூடிப் பொது நிலையம் அமைத்துக்கொண்டதன் சௌகரியத்தையும், நொய்யல் நதி கெட்டதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் அந்தப் பொது நிலையங்களையும் மூடும்படி உத்தரவிட்டபோது ஊரே திகைத்து நின்றதையும் நீங்கள் அனுபவித்து அறிந்தவர்கள். பொதுவில் சேர்வது தவறன்று. அந்தப் பொதுவானது நின்றுபோனால் அன்றைய ஷிப்மென்டுக்கு வழி என்ன என்பதை முன்னரே யோசிக்காததே தவறு.

எனவே கண்காணிப்பையெல்லாம் ஒன்றாக்கி, பேக்கப்பை மட்டும் பிரித்து வையுங்கள். அது வேறு நிறுவனத்துடையதாக, வேறு பாஸ்வேர்டு உடையதாக, உங்கள் பராமரிப்பாளரே கோபித்துக்கொண்டாலும் குறிப்பிட்ட காலம்வரை அழிக்க முடியாததாக இருக்கட்டும். ‘பேக்கப் ஆகிறது’ என்று பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துத் திருப்தியடையாமல், மாதம் ஒருமுறை ஓர் ஆர்டரின் கோப்புகளையாவது மீட்டுப் பாருங்கள்.

கட்டிங் மாஸ்டர், காங்கயம் ரோடு: எங்கள் மார்க்கர் பிளாட்டருக்கு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்தான். புதுத் தொகுப்பு அதில் ஏற மறுக்கிறது.

மறுப்பதில் வியப்பில்லை. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியே கைவிரித்துவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் அதே கதி. ஆனால் லட்சக்கணக்கில் விலை கொடுத்த பிளாட்டரை இதற்காகக் காயலான் கடைக்குப் போடு என்று எந்தப் புத்திசாலியும் சொல்லமாட்டான். அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட்டையும் மற்ற கம்ப்யூட்டர்களின் சகவாசத்தையும் நிறுத்தி, ஃபயர்வாலில் தனிக் கட்டமாகப் பிரித்து, மார்க்கர் கோப்பு வருகிற ஒரு வழியை மட்டும் திறந்துவிடச் சொல்லுங்கள். பென் டிரைவில் தங்கள் மருமகன் கொண்டுவரும் சினிமாவுக்கும் இந்த விதி பொருந்தும்.

நூல் வியாபாரி, பல்லடம்: நாலு லைசென்ஸ் வாங்கியும், வெளிநாட்டு மெஷின் கம்பெனிக்கு அனுப்பிய அட்வான்ஸ் வேறெவனோ கணக்குக்குப் போய்விட்டதே!

‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று பழக்கமான முகவரியிலிருந்தே, பழைய இன்வாய்ஸின் எண்ணையும் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். அதில் வைரஸ் ஏதும் இராது, ஆதலின் பிடிப்பதற்கும் ஏதும் இராது. கணக்கு மாற்றம் எனும் வார்த்தையைக் கண்டவுடன், அந்த மின்னஞ்சலில் உள்ள நம்பரை விடுத்து, உங்களிடம் பழையபடி உள்ள நம்பரில் கூப்பிட்டுப் பேசுவதே உபாயம். இனி இப்படி நேர்ந்தால் அந்தக் க்ஷணமே வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் போன் செய்யுங்கள்; பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் முடக்கினால்தான் கிடைக்க இடமுண்டு.

மெர்ச்சண்டைசர், நேதாஜி அப்பேரல் பார்க்: கருவிகளை மாற்ற நல்ல நாள் எது?

பஞ்சாங்கத்தைவிட ஷிப்மென்ட் அட்டவணையைப் பார்ப்பது உசிதம். முதலில் ஒரு யூனிட்டில் மாற்றி, இரண்டு வாரம் பார்த்து, பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். புதுப்பிப்புகளும் அவ்வாறே படிப்படியாக இறங்கட்டும். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற காவல் நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பு ஒன்று, எதிரி எவனுமே இல்லாமல், 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைச் சாய்த்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அலுவலக மேலாளர், அவிநாசி: தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டுமாமே? சின்னக் கம்பெனிக்குமா?

ஆம். கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பாகிய செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவு அது. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு அவ்வாண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தார்கள், அதுவும் தீர்ந்துபோயிற்று. கம்ப்யூட்டர்களின் நடவடிக்கைப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். பதிவுகள் ஐந்து கருவிகளில் சிதறி, அவற்றில் இரண்டு முப்பது நாளில் தாமாகவே அழித்துக்கொள்பவையாகவும் இருந்தால், அந்த ஆறு மணி நேரமும் பாஸ்வேர்டு தேடுவதிலேயே கழிந்துவிடும். ஒன்றுசேர்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

அதே பராமரிப்பாளர், பெரிச்சிபாளையம்: தீபாவளிக்கு ஊரே காலியாகிவிடும். அப்போது அந்த ஒற்றைத் திரையை யார் பார்ப்பது?

கசேயா வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதீர்கள். திருடர்களுக்கும் விடுமுறைக் காலண்டர் உண்டு. மூன்று ஷிப்டுக்கு ஆள் வைக்க உங்களுக்குக் கட்டுப்படியாகாது. இருபத்துநான்கு மணி நேரமும் பார்த்து, சந்தேகத்துக்கு இடமான கம்ப்யூட்டரைத் தானே துண்டிக்கும் சேவையை வாடகைக்கு எடுத்து, வாடிக்கையாளர்களிடையே பகிருங்கள். மற்றபடி, பவர் டேபிளின் மெயினை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் கம்ப்யூட்டரை மட்டும் ஏன் எரியவிட்டுப் போகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டரைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பது ரான்சம்வேருக்கும் எளிதன்று.

பனியன் உற்பத்தியாளர், காந்தி நகர்: ஃபயர்வால், மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு எங்கள் கம்ப்யூட்டர் பார்க்கிறவரிடம்தான் இருக்கிறது. கேட்டால், ‘உங்களுக்கு எதுக்குங்க அந்தத் தலைவலி?’ என்கிறார்.

பொருள் உங்களுடையது, பில் கட்டியது நீங்கள், தலைவலியை மட்டும் அவர் தியாக புத்தியோடு வைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் பெயரில் தனியாக ஒரு நிர்வாகக் கணக்கு திறந்து, அதற்கு உங்கள் போனில் வரும் இரண்டாவது சரிபார்ப்பையும் வைத்து, பாஸ்வேர்டை எழுதிக் கவரில் போட்டு ஒட்டி லாக்கரில் வைத்துவிட்டுத்தான் அடுத்த ஏ.எம்.சி. புதுப்பிப்பில் கையெழுத்துப் போடுங்கள். அவர் நல்லவரானால் இதைக் கேட்டு வருத்தப்படமாட்டார். வருத்தப்பட்டாரானால் லாக்கரின் சாவியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.